வெள்ளையடிக்கும் முன் வெடிப்பைப் பாருங்கள்

மண்சரிவு ஆய்வுக்காக இலங்கை மலையகத்தில் பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும்போது நான் முதலில் பார்ப்பது சுவரைத்தான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் ஒன்றில் வெடிப்பு இருக்கிறதா என்று கேட்டதும், ஓர் அம்மா சாமிப் படத்தைக் கழற்றிக் காட்டினார். பின்னால் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. "தீவாளிக்கு சீமெந்து அப்பி வெள்ளையடிச்சோம் சார், திரும்ப விட்டுருச்சு."

அங்கே பெருமழை பிடிக்கும் காலமும் தீபாவளியும் ஒன்றாகத்தான் வரும். மலை அசைவதைச் சுவர் சொல்கிற நேரம் பார்த்து நாம் அதைப் பூசி மறைத்துவிடுகிறோம்.

"மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று கூட்டங்களில் பேசுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். இரண்டு நாள் விடாமல் பெய்தால் அந்த அம்மா பிள்ளைகளை மலைப்பக்கத்துக் காம்பராவில் படுக்கவிடுவதில்லை. அப்புறம் ஏன் இடம்பெயரவில்லை? லயம் அவர் பெயரில் இல்லை, வேறு காணியும் இல்லை. பாடசாலையில் போய்த் தங்கினால் கழிவறைக்கு வரிசை, குமரிப் பிள்ளைகள் உடுப்பு மாற்ற மறைப்பில்லை. மாட்டை யார் பார்ப்பது? வேலைக்குப் போகாத நாளுக்குப் பேரும் விழாது, அன்றைய சம்பளம் போச்சு. போதாததற்கு, "போன தடவை போனோம், ஒண்ணும் நடக்கலையே!"

பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2005இலும் 2011இலும் மண்சரிவு எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில், தீபாவளி முடிந்து ஒரே வாரத்தில், லயன்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. எச்சரிக்கைக் கடிதத்தோடு போக்கிடமும் சேர்ந்து வராவிட்டால் அது வெறும் கடதாசிதான்.

சரி, அந்த இடம் கிடைக்கும் வரை என்ன செய்வது? வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி வெடிப்பு நீண்டால் கிராம சேவகரிடம் சொல்லுங்கள். மலையில் நிலம் பிளந்திருந்தால் களிமண்ணால் அடைத்து, மேலே பொலித்தீன் போடுங்கள். தேயிலைக்குள் கான், அதாவது வடிகால், தூர்ந்து கிடந்தால் மழைத்தண்ணீர் ஓட வழியின்றி மண்ணுக்குள்தான் இறங்கும். கான் வெட்டச் சொல்லித் தோட்ட நிர்வாகத்தை விடாமல் நச்சரியுங்கள். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீட்டர் தாண்டினால் கவனம், 150 தாண்டினால் வெளியேற வேண்டும். ஒரு மணி நேரத்திலேயே 75 கொட்டினாலும் அப்படித்தான். நேரான பக்கங்கள் உள்ள போத்தலை வெட்டவெளியில் வைத்து அடிக்கோலால் அளந்தாலே ஓரளவு தெரியும். மலை ஊற்றிலிருந்து தெளிவாக வந்த பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ நின்றாலோ அளந்துகொண்டிருக்க வேண்டாம், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். இருட்டும் முன் போய்விடுவது நல்லது.

சில மாதம் கழித்து அந்த லயத்துக்குப் போனேன். சாமிப் படம் வேறு சுவருக்கு மாறியிருந்தது. வெடிப்போரம் மூன்று பென்சில் கோடுகள், மூன்று தேதிகள். முதல் கோட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. அந்த அம்மா அதைக் காட்டிவிட்டுக் கேட்டார்: "இப்ப சொல்லுங்க சார், எங்க போறது?"