குறிஞ்சி பூக்காத ஆண்டுகளில்தான் ஆபத்து

"அடுத்து எப்போது பூக்கும்?" நீலக்குறிஞ்சி என்றதும் எல்லோரும் கேட்பது இதைத்தான். கொடைக்கானல், மூணாறு பக்கம் 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030. சரி, அதுவரை அந்தச் செடிக்கு என்ன ஆகும்? பழனி மலையில் புல்வெளி மீட்புப் பணியில் இருக்கும் எனக்கு அந்த இடைக்காலம்தான் கவலை.

குறிஞ்சி ஒரே முறை பூத்து, விதைத்து, பட்டுப்போகும் செடி. மலைச்சரிவு முழுக்கச் சேர்ந்து பூப்பதால், விதை தின்னும் உயிர்கள் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம்தான் அடுத்த தலைமுறை. காய் காய்ந்து வெடித்து விதை சிதறும் வரை செடிகள் செத்த புதராகத்தான் தெரியும். குப்பை என்று அதற்குத் தீ வைத்தால் 12 ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் போய்விடும்.

அப்புறம் முளைக்கும் கன்றுகள் ஆண்டுக்கணக்கில் வெறும் பச்சைப் புதர்தான். பார்க்க யாரும் வருவதில்லை. இடம் பறிபோவது அப்போதுதான். பிரிட்டிஷ் காலத்திலும் அதற்குப் பிறகும், வெறும் புல்தானே என்று இங்கே சீகை (வாட்டில் மரம்), பைன், கற்பூர மரங்களை (யூகலிப்டஸ்) நட்டார்கள். குறிஞ்சிக்கு வெயில் வேண்டும், அடர்ந்த சீகைத் தோப்புக்குள் அது பிழைக்காது. சீகையை வெட்டினாலும் வேலை முடிவதில்லை. மண்ணில் கிடக்கும் அதன் விதை பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். வெயில் பட்டதும் கூட்டமாக முளைக்கும். பிடுங்கப் பிடுங்க வரும். நாட்டுப் புல்லை நட்டு, விடாமல் களையெடுத்தால்தான் புல்வெளி திரும்பும். அதனால் மரக்கன்றுகளோடு ஆர்வமாக வரும் மாணவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: மேல்மலைப் புல்வெளியில் மரம் நடாதீர்கள். சோலைக்காடு போலவே புல்வெளியும் தானே முழுமையான இயற்கை. வரையாடு மேய்வதும் அங்கேதான்.

கேரளா 2006இல் வட்டவடை, கொட்டக்காம்பூர் பகுதியில் குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு நீலக்குறிஞ்சி பாதுகாக்கப்பட்ட தாவரம். காட்டில் அதைப் பறிப்பதும் பிடுங்குவதும் குற்றம். ஆனால் பட்டா நிலத்தில் விடுதி கட்ட மண் வெட்டும்போது பூவில்லாத குறிஞ்சியை யார் அடையாளம் காண்பார்கள்?

மலையில் நிலம் வைத்திருப்பவர்கள், புதர் வெட்டும் முன் செடி தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். குறிஞ்சி என்றால் அந்தத் துண்டை மட்டும் விட்டுவிட்டு, வனச்சரக அலுவலகத்தில் தகவல் சொல்லுங்கள்.