முன்சில்லில் ‘டக் டக்’ சத்தம்: போர் வீல் (நான்கு சில்லும் இழுக்கும்) வாகன உரிமையாளர்களின் கவனத்துக்கு

கடந்த மாரி முடிந்த கையோடு, வடமராட்சி கிழக்கிலிருந்து டபிள் கப் ஒன்று எமது கராச்சுக்கு வந்தது. கரைவலைத் தொழிலுக்காக நாள்தோறும் கடற்கரை மணலில் ஓடுகின்ற வாகனம் அது. “திருப்பேக்க மட்டும்தான் தம்பி டக் டக் எண்டு கேக்குது, நேர ஓடேக்க ஒண்டுமில்லை” என்றார் உரிமையாளர். முன்சில்லைக் கழற்றியபோது, அச்சைச் சில்லோடு இணைக்கும் வெளிப்பக்க சி.வி. ஜொயின்ற்றை மூடியிருக்கும் றப்பர் உறையான பூட் பாதிச் சுற்றளவுக்குக் கிழிந்திருந்தது. உள்ளே மிஞ்சியிருந்த கிறீஸை விரல்களுக்கிடையில் தேய்த்துக் காட்டினேன். சீனியைப் போல நறநறத்தது.

சில்லு திரும்பி நிற்கும்போதும் அச்சின் சுழற்சி ஒரே சீராகச் சில்லுக்குப் போவதற்காக, அந்த ஜொயின்ற்றுக்குள் ஆறு உருக்குக் குண்டுகள் தமக்கென வெட்டப்பட்ட பள்ளங்களில் ஓடுகின்றன. மணலும் உப்பு நீரும் புகுந்துவிட்டால் கிறீஸே அரைக்கும் பசையாகிப் பள்ளங்களைத் தின்னத் தொடங்குகிறது. ஸ்ரியறிங்கை முழுவதும் ஒடிக்கும்போது குண்டுகள் அந்தத் தேய்ந்த இடங்களில் தட்டுப்படுவதைத்தான் நாம் சத்தமாகக் கேட்கிறோம். பூட் கிழிந்த புதிதிலேயே வந்திருந்தால், ஜொயின்ற்றைக் கழுவி, மொலிப்டினம் கலந்த கிறீஸை இட்டு, புதிய பூட்டைப் போட்டு அனுப்பியிருக்கலாம். சத்தம் வந்த பிறகு கிறீஸ் அடிப்பது சில நாட்களுக்குச் சத்தத்தை அமுக்குமே தவிர, தேய்ந்த இரும்பை வளர்க்காது.

லாண்ட் குரூசர் 70 போன்ற, முன்னால் முழு அச்சுள்ள வாகனங்களில் இதே வகை ஜொயின்ற் உருண்டையான இரும்புக் கூட்டுக்குள் மறைந்திருக்கிறது. அந்தக் கூட்டிலிருந்து கறுப்புக் கூழ் போன்ற எண்ணெய் வழிந்தால், உள் ஒயில் சீல் பழுதாகி டிபரன்ஷலின் (சுழற்சியை இரு சில்லுகளுக்கும் பிரிக்கும் பற்சில்லுத் தொகுதி) ஒயில் கிறீஸுடன் கலந்துவிட்டதென்று பொருள். கூட்டைத் திறந்தால் சீல்களோடு சில்லு இடம் வலம் திரும்ப உதவும் கிங்பின் பெயாரிங்குகளையும் பார்த்துவிடுவதே சிக்கனம். அவற்றின் இறுக்கத்தைக் கைக்கணக்கில் விடாமல், கொக்கித் தராசால் இழுத்துப் பார்த்து, வாகனக் கைநூலில் உள்ள அளவுக்குச் சிம் எனும் மெல்லிய தகடுகளை வைக்க வேண்டும். மீன் நிறுக்கும் தராசா என்று சிலர் சிரிப்பதுண்டு. ஜொயின்ற்றின் தேய்மானம் சிறிதாக இருந்தால் அதை இடம் வலம் மாற்றிப் பூட்டுவதும் முறையான வேலைதான். முன்னோக்கி ஓடும்போது பாரம் பள்ளத்தின் தேயாத பக்கத்துக்குப் போய்விடும்.

சில்லுப் பகுதியைத் தாங்கும் கைகளோடு பிணைக்கும் உருண்டை மூட்டான ‘போல் ஜொயின்ற்’ விடயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சி.வி. ஜொயின்ற் உடைந்தால் பெரும்பாலும் முன்சில்லுகளின் இழுவைதான் போகும். கீழ்ப் போல் ஜொயின்ற் கழன்றால் ஓட்டத்திலேயே சில்லு மடிந்து விழும். ஜக்கில் உயர்த்தி, சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அப்போது நின்றுவிடும் ஆட்டம் சில்லுப் பெயாரிங்குடையது, நிற்காத ஆட்டம் ‘போல் ஜொயின்ற்’ அல்லது கிங்பின்னுடையது. பழைய போல் ஜொயின்ற்றை அடித்து இறுக்கித் தருவதாகச் சொல்பவர்களிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

குரோமியமும் மொலிப்டினமும் கலந்த குரோம்மொலி உருக்கில் செய்த வலிமையான ஜொயின்ற் போடலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பெரிய ரயரும் இரு சில்லுகளையும் ஒன்றாகச் சுழலவைக்கும் டிபரன்ஷல் லொக்கும் பூட்டியவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் ஜொயின்ற் உடையாதபோது அடுத்து உடைவது அச்சாகவோ டிபரன்ஷலாகவோ இருக்கும், அவை இன்னும் விலை கூடியவை. வாகனத்தை உயர்த்தியதால் ஜொயின்ற்றின் கோணம் கூடித் தேய்கிறதென்றால், முதலில் சரிசெய்ய வேண்டியது அந்த உயரம்.

அந்த டபிள் கப்பின் மறுபக்கப் பூட்டும் வெடித்திருந்ததால் இரண்டு பக்கமும் வேலை செய்தோம். வெள்ளோட்டத்துக்கு ஏறியபோதுதான், லீவர் போர் வீலிலேயே இருப்பதைக் கண்டேன். முன்னும் பின்னும் இறுகப் பிணைந்த நிலையில் தார் வீதியில் திரும்பும்போது, மணலில் போல ரயர் வழுக்கி விடுவதில்லை. அந்த முறுக்கம் ஜொயின்ற்றுகளிலும் விழுகிறது. “மணலில போட்டது, எடுக்க மறந்து போனன்” என்றார் அவர். கடற்கரையிலிருந்து வந்ததும் அடிப்பாகத்தைக் கழுவுவதாகவும் சொன்னார். வீட்டுக் கிணறு உவர் என்பது பிறகுதான் தெரிந்தது.