குறட்டைச் சத்தம் எங்கே பிறக்கிறது?

வாயைத் திறந்து, வேண்டுமென்றே ஒரு குறட்டை விட்டுப் பாருங்கள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது செய்வது நல்லது. மேலண்ணத்தின் பின்பகுதி அதிர்வது தெரியும். சத்தம் பிறப்பது பெரும்பாலும் அங்கேதான், மூக்கில் அல்ல.

மூக்கைச் சுற்றி எலும்பு இருக்கிறது. மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் விறைப்பாகப் பிடித்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ள தொண்டைக்கு மட்டும் அப்படி முட்டுக்கொடுக்க எதுவுமில்லை. விழுங்கவும் பேசவும் அது நெளிந்து கொடுக்க வேண்டுமே! விழித்திருக்கும்வரை தசைகள் அந்த வழியைத் திறந்து வைத்திருக்கும். தூங்கியதும் தளர்ந்துவிடும். மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதியும் பின்னால் சரியும்.

வழி குறுகியதும் காற்று வேகமெடுக்கிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்பது கணித அறிஞர் பெர்னூலி 1738இல் எழுதிய கணக்கு. அழுத்தம் குறைந்ததும் தளர்ந்த சுவர்கள் உள்ளே இழுபடுகின்றன, மறுகணம் விலகுகின்றன. கொடியில் காயும் வேட்டி காற்றில் படபடப்பதைப் போல அண்ணமும் உள்நாக்கும் அடித்துக்கொள்கின்றன. மது குடித்தால் தசை இன்னும் தளரும். கழுத்தில் கொழுப்பு சேர்ந்தாலோ, குழந்தைகளுக்கு டான்சில் வீங்கினாலோ வழி இன்னும் நெருக்கும்.

'அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குகிறார்' என்போம். சத்தத்தைவிட, நடுவில் அது சட்டென நிற்பதைத்தான் கவனிக்க வேண்டும். வீட்டில் மற்றவர்கள் அப்பாடா என்று கண்ணை மூடும் நேரம் அது. ஆனால் படுத்திருப்பவரின் நெஞ்சும் வயிறும் முயன்றுகொண்டே இருக்கும், காற்று போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை உலுக்கி எழுப்ப, பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். காலையில் எதுவும் நினைவிருக்காது. பகலெல்லாம் தூக்கம் சொக்கும், ரத்த அழுத்தமும் ஏறலாம். 10 நொடியாவது நீளும் இப்படிப்பட்ட மூச்சுத்தடைகள் மணிக்கு 30ஐத் தாண்டினால் தீவிர நிலை.

1981இல் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன் கண்டுபிடித்த தீர்வு எளிமையானது: முகமூடி வழியாகக் காற்றை லேசான அழுத்தத்தில் செலுத்திக்கொண்டே இருந்தால், தொண்டைச் சுவர்கள் ஒட்டாது. சிபாப் (CPAP) எனப்படும் அந்தக் கருவி இன்றும் அப்படித்தான் வேலை செய்கிறது.

தசையைப் பழக்கும் வழியும் உண்டு. 2006இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வொன்றில், ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிட்ஜரிடூ என்ற நீளக் குழலை நான்கு மாதம் ஊதிப் பழகியவர்களுக்கு மூச்சுத்தடை குறைந்தது. இரவுத் தொந்தரவு குறைந்ததாக உடன் படுப்பவர்களும் சொன்னார்கள். பகலில் அந்தப் பயிற்சியைக் கேட்டவர்கள் பாடு வேறு கதை.