"பழகிவிட்டது" என்று சொல்லத் தொடங்கும் மாதம்

1859-ல் லண்டன் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்த இரண்டு குடும்பங்கள் மாட்டு வண்டிகளில் ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள கலஹாரிப் பாலைவனத்தைக் கடந்து, 1860 பிப்ரவரியில் லினியாண்டி என்ற சதுப்புநில ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. ஹெல்மோர் தம்பதி, அவர்களுடைய நான்கு பிள்ளைகள், பிரைஸ் தம்பதி, ஒரு கைக்குழந்தை. சில மாதங்களில் அந்த ஒன்பது பேரில் ஆறு பேர் இறந்துபோனார்கள். உயிர் தப்பிய ரோஜர் பிரைஸ், உள்ளூர்த் தலைவர் விஷம் வைத்துவிட்டார் என்றே நம்பினார். அது மலேரியா என்றே இன்று கருதுகிறார்கள். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் 1897-ல்தான் நிறுவினார்.

இன்று காரணமும் தெரியும், மருந்தும் இருக்கிறது. ஆனாலும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு ஊழியத்துக்குப் போகும் குடும்பங்களின் சிறு பிள்ளைகளுக்கு மலேரியா வரத்தான் செய்கிறது. முதல் மாதம் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். வலை கட்டுவார்கள், மாத்திரை கொடுப்பார்கள், தண்ணீரைக் கொதிக்க வைப்பார்கள். நான்காம், ஐந்தாம் மாதத்தில் ஒரு கேள்வி வரும்: "பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாத்திரையா சாப்பிடுகிறார்கள்? நன்றாகத்தானே ஓடியாடுகிறார்கள்!"

அந்தப் பிள்ளைகளுக்கு இருப்பது, திரும்பத் திரும்ப மலேரியா வந்து தேறியதால் கிடைத்த அரைகுறை எதிர்ப்பு. அதற்கு அந்த மண் கொடுத்த விலை பெரிது. ஆப்பிரிக்காவில் மலேரியாவால் இறப்பவர்களில் பெரும்பாலோர் 5 வயதுக்கு உட்பட்டவர்கள். வெளியிலிருந்து வந்த குழந்தைக்கு அந்த எதிர்ப்பு ஒரு வருடத்திலும் வராது, இரண்டு வருடத்திலும் வராது. மனசு பழகிவிடும், ரத்தம் பழகாது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் குளோரோகுயின் என்ற மலேரியா மருந்தை நம்பக்கூடாது. அங்கே அதிகம் பரவும் ஃபால்சிபாரம் கிருமி அதற்கு மசிவதில்லை. பிள்ளைகளுக்கு வழக்கமாகத் தரும் தடுப்பு மருந்துகள் இரண்டு. அட்டோவாகுவோன்–புரோகுவானில் தினமும் தர வேண்டும். போவதற்கு 1 அல்லது 2 நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பின் 7 நாள் வரை. மெஃப்லோகுயின் வாரம் ஒருமுறை. குறைந்தது 2 வாரம் முன்பு தொடங்கி, திரும்பிய பின் 4 வாரம் வரை. வலிப்பு வந்த பிள்ளைக்கு மெஃப்லோகுயின் கூடாது. கெட்ட கனவும் காரணமில்லாத பயமும் வந்தால் மருந்தை மாற்றவேண்டும். டாக்ஸிசைக்ளின் 8 வயதுக்கு மேல்தான்.

இவற்றின் அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது. அட்டோவாகுவோன்–புரோகுவானிலின் குழந்தைகள் மாத்திரை 5 முதல் 8 கிலோ வரை அரை, 8 முதல் 10 வரை முக்கால், 10 முதல் 20 வரை ஒன்று, 20 முதல் 30 வரை இரண்டு. கிளம்பும்போது 9 கிலோ இருந்த குழந்தை ஒரு வருடத்தில் 11 கிலோ ஆகியிருக்கும். மாத்திரை மட்டும் அதே முக்காலில் நின்றிருக்கும். அடிக்கடி காணும் தவறு இது. எடை பார்க்கும் கருவி ஒன்றை வீட்டில் வைத்து, 3 மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, மருத்துவரிடம் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாலோடோ கொழுப்புள்ள உணவோடோ கொடுத்தால்தான் மருந்து உடலில் சேரும். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடியும் கொடுக்கவேண்டும்.

எந்தத் தடுப்பு மருந்தும் நூறு சதவீதம் காக்காது. மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும். அதாவது சபை மக்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும் அதே வேளை. பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை, பேன்ட். 2 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 முதல் 30 சதவீத டீட் (கொசுவிரட்டி மருந்து) பூசலாம், உள்ளங்கையிலும் முகத்திலும் அல்ல. சன்ஸ்கிரீன் பூசுவதானால் முதலில் அது, மேலே டீட். மருந்து தோய்த்த வலையை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். தூக்கத்தில் வலையில் ஒட்டிக்கிடக்கும் கையை வெளியிலிருந்தே கொசு கடிக்கும் என்பதால் சிறு கட்டிலுக்கும் பெரிய வலைதான் நல்லது. துவைத்தால் நிழலில் காய வையுங்கள். வெயில் மருந்தைக் கெடுக்கும்.

கென்யத் தலைநகர் நைரோபியில் வசிப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம் என்பதால் அங்கே மலேரியா மிகக் குறைவு, அதனால் பலர் மருந்து எடுப்பதில்லை, சரிதான். ஆனால் மொம்பாசா கடற்கரைக்கோ, விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள கிசுமுவுக்கோ நான்கு நாள் போய்வந்தாலும் மருந்து வேண்டும். கிருமி உடலில் புகுந்து காய்ச்சல் வரக் குறைந்தது ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் விடுமுறை மறந்துபோயிருக்கும், சளிக்காய்ச்சல் என்று இரண்டு நாள் வீணாகிவிடும்.

காய்ச்சல் என்றால், வேறு காரணம் கண்ணுக்குத் தெரிந்தாலும், அன்றே ரத்தப் பரிசோதனை. இந்த ஒரு விதிக்கு விலக்கு கிடையாது. முதல் சோதனையில் 'இல்லை' என்று வந்தால் 12 முதல் 24 மணி நேரத்தில் மறுபடியும், தேவைப்பட்டால் மூன்றாம் முறையும் பாருங்கள். விரல்நுனி ரத்தத்தில் பார்க்கும் பட்டை, சிகிச்சை முடிந்து சில வாரங்கள் வரைகூட 'இருக்கிறது' என்றே காட்டலாம். குணமாயிற்றா என்று பார்க்க அது உதவாது, மைக்ராஸ்கோப்தான் வேண்டும். ஆர்ட்டிமீதர்–லூமிஃபான்ட்ரின் என்ற சிகிச்சை மருந்தைத் தந்தால் மொத்தம் ஆறு வேளை: முதல் வேளைக்குப் பின் 8 மணி நேரத்தில் இரண்டாவது, பிறகு இரண்டு நாள் காலையும் மாலையும். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அடுத்த மாதமே திரும்பிவரும். வலிப்பு, எழுப்பினால் எழாத மயக்கம், எதையும் குடிக்க முடியாமை, மூச்சிரைப்பு, கறுத்த சிறுநீர், இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவென்று பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எந்த மருத்துவமனை, எந்த வண்டி என்பதை ஊருக்குப் போன முதல் வாரமே முடிவு செய்து வையுங்கள்.

தடுப்பூசிகளில் மஞ்சள் காய்ச்சல் ஊசி 9 மாதம் நிறைந்த பிறகு, ஒரே ஒருமுறை. சான்றிதழ், ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்து செல்லும். 2016-லிருந்து ஆயுள் முழுக்கச் செல்லும். சிறு பிள்ளைக்கு எம்எம்ஆர் ஊசிக்கும் இதற்கும் 4 வாரம் இடைவெளி விடுவது நல்லது. டிக்கெட் எடுத்தபின் யோசித்தால் நாள் போதாது. தெருநாய் எங்கும் உண்டு என்பதால் ரேபிஸ் முன்தடுப்பு ஊசியையும் கேட்டு வாங்குங்கள். நாய் நக்கியதையும் பிறாண்டியதையும் பிள்ளைகள் வீட்டில் சொல்லமாட்டார்கள்.

இனி, யாரும் முன்கூட்டிச் சொல்லாத சிறு விஷயங்கள். வெளியே காயப்போட்ட ஈரத்துணியில் மாம்பழ ஈ முட்டையிடும். அந்தத் துணியை உடுத்தினால் புழு தோலுக்குள் புகுந்து கட்டிபோல் வீங்கும். துணியை, குறிப்பாக டயப்பரையும் உள்ளாடையையும், இருபுறமும் சூடாக இஸ்திரி போட்டால் முட்டை செத்துவிடும். புழு புகுந்துவிட்டால் பிதுக்காதீர்கள். துளையை வாசலினால் மூடினால் மூச்சுக்காக அது தலை நீட்டும், அப்போது இடுக்கியால் எடுக்கலாம். மண்தரையில் வெறுங்காலோடு ஓடினால் கால்விரலில் ஃபுன்சா என்ற தெள்ளு ஏறும், ஷூ போதும். விக்டோரியா ஏரியிலும் மலாவி ஏரியிலும் கரையோரம் விளையாடினால் நத்தைக் காய்ச்சல் எனும் பில்ஹார்சியா வரும். குளித்தே தீருவோம் என்பவர்கள், கடைசியாகத் தண்ணீரில் இறங்கிய நாளிலிருந்து 6 முதல் 8 வாரம் கழித்துச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

வண்டி விஷயத்தில் சமரசம் கூடாது. குழந்தை இருக்கையை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள், பின்சீட்டில் கட்டுங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு 'போடா போடா' எனும் வாடகை மோட்டார் சைக்கிளில் போவது அங்கே சகஜம். அதைப் பார்த்துப் பார்த்தே உங்களுக்கும் சகஜமாகிவிடும்.

மனசுக்கு வருவோம். மூன்றாம் மாதம் வாக்கில் நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பவரும், பிள்ளை சாப்பாடு மறுக்கும், அம்மாவின் சேலையை விடாது. இது பிடிவாதமல்ல. எங்கு போனாலும் ஊர்ப்பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு முடியைத் தொடுவார்கள், கன்னத்தைக் கிள்ளுவார்கள், அன்பாகத்தான். சுவாஹிலி மொழியில் "ஹபானா, அசாந்தே" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தால் பிள்ளைக்கு ஒரு பிடி கிடைக்கும்: 'வேண்டாம், நன்றி.' டான்சானியாவில் பெரியவர்களைப் பார்த்து "ஷிகாமூ" என்று வணக்கம் சொல்லும் குழந்தைக்கு "மரஹாபா" என்ற பதிலும் சிரிப்பும் உடனே கிடைக்கும். அந்த ஒரு சொல் திறக்கும் கதவை பொம்மைகள் திறப்பதில்லை.

"கர்த்தர் நம்மை இங்கே அழைத்தார்" என்று பெற்றோர் சொல்வதை ஐந்து வயதுப் பிள்ளை வேறு விதமாகக் கேட்கும்: எனக்கு இங்கே பிடிக்கவில்லை என்றால் கர்த்தருக்கே கோபம் வரும். பிறகு அது வாயே திறக்காது. "உனக்கு இங்கே பிடிக்காமல் இருக்கலாம், அதைச் சொல்லலாம்" என்று நீங்கள்தான் முதலில் சொல்லவேண்டும். வாரத்தில் ஒரு மாலை விருந்தினரும் ஜெபக்கூட்டமும் இல்லாமல் வீட்டுக்காரர்கள் மட்டும் இருக்கட்டும்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் 'டாடா'வுக்கும் (ஆயாவை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) எல்லா விதியையும் காரணத்தோடு சொல்லுங்கள்: குடிதண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவேண்டும், 2,000 மீட்டருக்கு மேலே என்றால் மூன்று நிமிடம். வயிற்றுப்போக்கென்றால் ஓஆர்எஸ், கூடவே 10 முதல் 14 நாள் துத்தநாகம். 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10.

விடுமுறைக்கு ஊர் திரும்பி மூன்று மாதம் கழித்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், மருத்துவரிடம் நீங்கள் சொல்லவேண்டிய முதல் வாக்கியம் "நாங்கள் உகாண்டாவில் இருந்தோம்" என்பது. அவராகக் கேட்கமாட்டார்.