2,000 படத்துக்கு நாலு த்ரெட் போதும்

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: முத்தையன்கட்டு வயல்களை ட்ரோனால் எடுத்த படங்கள் 2,000, படத்துக்கொரு த்ரெட் (புரோகிராமுக்குள் மற்றவற்றோடு சேர்ந்து ஓடும் தனி வேலை ஓட்டம்) என்று சி மொழியில் எழுதினால் புரோகிராம் பாதியில் விழுகிறது, ஏன்?

கணக்குப் பாருங்கள். 12 மெகாபிக்சல் படம் மெமரியில் விரிந்தால் பிக்சலுக்கு 3 பைட் வீதம் 36 மெகாபைட். 2,000 படமும் ஒன்றாக விரிந்தால் 72 ஜிகாபைட். எந்த லப்டொப் தாங்கும்? நாலு கோர், அதாவது கணிக்கும் பகுதி, உள்ளதில் ஒரு கணத்தில் ஓடுவது நாலு த்ரெட், மிஞ்சினால் எட்டு. மற்றதெல்லாம் மெமரியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும்.

இதற்கு வழி த்ரெட் பூல். அதில், தொடக்கத்திலேயே நாலு த்ரெட்டை உருவாக்கிவிட்டு வேலைகளை வரிசையில் போடுகிறோம். வரிசையில் போகவேண்டியது கோப்பின் பெயர் மட்டும், படமல்ல. வரிசைக்கு மியூடெக்ஸ் பூட்டு: ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் அதைப் பிடிக்கலாம். பெயரை எடுத்த கையோடு பூட்டைத் திறந்துவிடுங்கள். பூட்டியபடி படத்தை அலசினால் நாலும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும்.

வரிசை வெறுமையானால்? த்ரெட் தூங்கவேண்டும். பூட்டோடு தூங்கினால் புது வேலை போட வழியில்லை. திறந்துவிட்டுத் தூங்கலாமென்றால், அந்த இடுக்கில் வேலை வந்து, எழுப்பும் சிக்னலும் வந்து போய்விடலாம். சிக்னல் எங்கும் சேமிக்கப்படுவதில்லை. வேலை வரிசையில் கிடக்க த்ரெட் தூங்கிக்கொண்டிருக்கும். பீத்ரெட்_கொண்ட்_வெயிட் (pthread_cond_wait) என்ற காத்திருக்கும் ஃபங்ஷன் அடைப்பது இந்த இடுக்கைத்தான். பூட்டைத் திறப்பதும் காத்திருப்போரில் ஒருவராகச் சேர்வதும் அதில் பிரிக்கமுடியாத ஒரே செயல். எழும்பும்போது பூட்டைத் திரும்பப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வரும். இத்தனை சின்ன இடத்தில் இவ்வளவு நுட்பம் வைத்த வேறு ஃபங்ஷன் சி உலகில் குறைவு.

எழும்பியதும் வரிசையை மறுபடி பார்க்கவேண்டும்: ஒருமுறை மட்டும் சோதிக்கும் இஃப் அல்ல, திரும்பத் திரும்பச் சோதிக்கும் வைல். சிக்னல் இல்லாமலும் எழும்பலாம் என்று இந்த ஃபங்ஷன்களை வரையறுக்கும் பொசிக்ஸ் விதியே சொல்கிறது. பூட்டு கைக்கு வருவதற்குள் இன்னொரு த்ரெட் வேலையைத் தூக்கியிருக்கவும் கூடும். இஃப் போட்டால் வெறும் வரிசையில் கைவைத்து செக்மென்டேஷன் ஃபோல்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொட்டு புரோகிராம் விழுவது), அதுவும் எப்போதாவது ஒருமுறை. அதற்கு அங்கங்கே த்ரெட்டைச் சற்றுத் தூங்கவைக்கும் யூஸ்லீப் செருகுவோர் உண்டு. நோய்க்கு மருந்தெடுக்காமல் நூல் கட்டுவதுபோலத்தான் அது.

முடிக்கும்போது பூட்டைப் பிடித்து, வேலையை நிறுத்தச் சொல்லும் ஃபிளாக்கை (அடையாள மாறியை) 1 ஆக்கி, சிக்னலுக்குப் பதில் புரோட்காஸ்ட் கொடுங்கள், எல்லாரும் எழும்பவேண்டும். பிறகு ஒவ்வொரு த்ரெட்டும் முடியும்வரை காத்திருக்க ஜொயின். வைல் நிபந்தனையில் ஃபிளாக்கைச் சேர்க்க மறந்தால், எழும்பிய நாலும் வெறும் வரிசையைப் பார்த்துத் திரும்பத் தூங்கும். ஜொயின் முடியவே முடியாது.