குளிரில் கருகிய மூங்கிலை உடனே வெட்டலாமா?

கடுங்குளிர் கடந்து போனதும் மூங்கில் புதர் முழுக்க வைக்கோல் நிறத்தில் நிற்கும். தொட்டால் இலை சரசரவென்று உதிரும். செத்துப்போயிற்று என்று நினைத்து அரிவாளைத் தேடுவார்கள் பலர். அவசரம் வேண்டாம். மூங்கிலில் இலை போவது வேறு, கழி போவது வேறு, மண்ணுக்குள் கிடந்து குருத்து விடும் மட்டத்தண்டு போவது வேறு.

இலை பெரும்பாலும் குளிரால் நேரடியாகச் சாவதில்லை, தாகத்தால் சாகிறது. மண் உறைந்துவிட்டால் வேரால் நீர் எடுக்க முடியாது. மேலேயோ வெயிலும் காற்றும் இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இலைகள் நீளவாக்கில் சுருண்டுகொள்வது அந்த இழப்பைக் குறைக்கத்தான். இலை உதிர்ந்தாலும், கணுவில் மொட்டு உயிரோடிருந்தால் அங்கிருந்து புது இலை வரும்.

கழியின் கதைதான் சிக்கலானது. மூங்கில் ஒரு புல். மரத்தில் கேம்பியம் என்ற அடுக்கு ஆண்டுதோறும் புதிய நீர்க்குழாய்களை உண்டாக்கும். மூங்கிலில் அது கிடையாது. முளைக்கும்போது என்ன பருமனோ, கடைசிவரை அதே பருமன். அன்று அமைந்த குழாய்களை வைத்துத்தான் அந்தக் கழி ஆயுள் முழுக்க ஓட்டியாக வேண்டும்.

குழாயில் உள்ள நீர் உறையும்போது அதில் கரைந்திருந்த காற்று வெளியேறிக் குமிழாகிறது. உருகும்போது அந்தக் குமிழ் பெரிதாகி நீரோட்டத்தை அடைத்துவிடலாம். இதற்கு மூங்கிலிடம் ஒரு வைத்தியம் உண்டு. இரவில் இலைகள் நீரை இழப்பது குறையும்போது வேர்கள் கீழிருந்து அழுத்தம் கொடுத்து நீரை மேலே தள்ளும். குமிழ்கள் மறுபடி கரையும். அதிகாலையில் மூங்கில் இலை நுனிகளில் முத்து முத்தாக நிற்கும் நீர் எல்லாமே பனித்துளி அல்ல. அதில் ஒரு பங்கு இந்த அழுத்தம் வெளியே தள்ளியது. ஆனால் வேர் வேலை செய்ய ஈரமும் ஓரளவு வெப்பமும் வேண்டும். அதனால் மண் இளகியதும் முதலில் செய்ய வேண்டியது தண்ணீர் ஊற்றுவது. தேங்கவிடாமல் ஊற்றுங்கள்.

சரி, கழி உயிரோடிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? சிறு கிளையொன்றை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் கவலையில்லை. கணுவில் உள்ள மொட்டு கெட்டியாக இருக்க வேண்டும். காய்ந்து நொறுங்கினால் அது முடிந்தது. கழியின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், சில வகைகள் இயல்பிலேயே மஞ்சள்.

பச்சைக் கழி இலையில்லாமல் நின்றாலும் சும்மா நிற்கவில்லை. அதில் மாவுச்சத்து இருக்கிறது, தோலும் கொஞ்சம் உணவு தயாரிக்கும். புது இலைப் பருவம் முடிந்த பிறகு, காய்ந்துவிட்டது என்று உறுதியான கழிகளை மட்டும் தரையோடு வெட்டுங்கள். நுனி மட்டும் கருகியிருந்தால் உயிருள்ள கணுவுக்குச் சற்று மேலே வெட்டலாம். அந்தக் கழி இனி உயரமாக வளராது, கிளைதான் தழைக்கும்.

உரம் வைத்துத் தேற்றிவிடலாம் என்ற ஆசையும் வரும். உறைபனி அபாயம் நீங்கும்வரை தழைச்சத்து வேண்டாம்; அது கிளப்பிவிடும் இளந்தளிரைத்தான் அடுத்த பனி முதலில் கொல்லும். உதிர்ந்த இலைகளைப் பெருக்கித் தள்ளாமல் தூரைச் சுற்றி 5 முதல் 10 சென்டிமீட்டர் தடிமனுக்கு மூடாக்காகப் போடுங்கள். அதிலுள்ள சிலிக்காவும் மண்ணுக்குத் திரும்பும்.

தாங்கும் திறன் வகைக்கு வகை மாறும். மண்ணுக்கடியில் ஓடிப் பரவும் ஃபில்லோஸ்டாக்கிஸ் இனங்கள் பல மைனஸ் 15 டிகிரி செல்சியஸையும் தாங்கும். கொத்தாக வளரும் வெப்பமண்டல பம்பூசா வகைகள் பல, 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே போனாலே இலையை இழக்கும். தொட்டியில் வளர்ப்பவை இன்னும் பலவீனமானவை, ஏனென்றால் குளிர் எல்லாப் பக்கமும் வேரைத் தாக்குகிறது.

அடுத்து வரும் குருத்துகள் மெலிந்திருந்தால் பயப்படாதீர்கள். இலை இழந்த புதரிடம் சேமிப்பு குறைவு, அவ்வளவுதான். இலைகள் தழைத்துச் சேமிப்பு கூடக் கூட, ஆண்டுக்காண்டு தடித்த கழிகள் வரும். குருத்தே வரவில்லையென்றால் பருவத்தைக் கவனியுங்கள்: குளிர் தாங்கும் பரவு வகைகள் வசந்தத்தில் முளைக்கும், வெப்பமண்டலக் கொத்து வகைகள் கோடையின் பின்பகுதியில்தான் முளைக்கும். அதற்கப்புறமும் ஒன்றும் இல்லையா, ஓரத்தில் கொஞ்சம் தோண்டி மட்டத்தண்டைப் பாருங்கள். வெளிர் நிறமாக, கெட்டியாக இருந்தால் மண்ணை மூடிவிட்டு இன்னும் ஒரு பருவம் காத்திருக்கலாம். பழுப்பாகி, அழுத்தினால் கொழகொழவென்று அமுங்கினால், அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள்.