சொல் விளக்கம்: இணைப்பு வினை

ஆங்கில இலக்கணத்தில் ‘லிங்கிங் வெர்ப்’ என்று படித்திருப்பீர்கள். அதன் இன்னொரு பெயர் ‘காபுலா’. லத்தீன் சொல், கட்டு, பிணைப்பு என்று பொருள். ஜோடியைக் ‘கப்பிள்’ என்கிறோமே, அதுவும் இந்த வேரில் வந்ததுதான். எழுவாயையும், அது யார், எப்படிப்பட்டது என்று சொல்லும் சொல்லையும் பிணைத்துவைக்கும் வினை என்பதால், தமிழில் ‘இணைப்பு வினை’ என்பது சரியான பெயர்.

ஆனால் தமிழுக்கு அந்தக் கயிறு பல இடங்களில் தேவையே இல்லை. ராமேஸ்வரம் தீவில் ‘வடகடல் பெண்கடல், தென்கடல் ஆண்கடல்’ என்பார்கள். பாக் நீரிணைப் பக்கம் சாது, மன்னார் வளைகுடாப் பக்கம் முரடு. அந்த வாக்கியத்தில் வினையே கிடையாது, பெயரே பயனிலை. தொல்காப்பியம் இதைப் ‘பெயர்கொள வருதல்’ என்று தனி வகையாகவே வைத்திருக்கிறது. ‘வடகடல் பெண்கடல் ஆகும்’ என்று எழுதிப் பாருங்கள், பாடப்புத்தகம் ஆகிவிடும். கதையில் இந்த ‘ஆகும்’ ஒன்றுகூட வேண்டாம் என்பேன். வானிலை அறிவிப்பில் வரும் ‘சீற்றத்துடன் காணப்பட்டது’ம் அப்படியே.

அப்புறம் ‘ஆக இருந்தது’. புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ‘கடல் கொந்தளிப்பாக இருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது.’ தகவல் வந்துவிட்டது, கடல் வரவில்லை. இப்படி எழுதலாம்: ‘கச்சான் காற்று ஏறிவிட்டது. கரையில் கட்டிய நாட்டுப்படகுகள் ஒன்றையொன்று இடித்தன. உலையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.’ பயம் என்ற சொல்லே வேண்டியிருக்கவில்லை.

சரி, எல்லா இடத்திலும் வெட்டிவிடலாமா? கூடாது. இந்த மூன்றையும் பாருங்கள் (சம்மாட்டி என்றால் மீன்பிடிப் படகின் சொந்தக்காரர்):

அப்பா சம்மாட்டி.
அப்பா சம்மாட்டி ஆனார்.
அப்பா சம்மாட்டியாக இருந்தார்.

முதலாவதில் படகு சொந்தம், பேச்சு முடிந்தது. இரண்டாவதில் கூலிக்குக் கடலுக்குப் போன காலம் ஒன்று பின்னால் நிற்கிறது. மூன்றாவதைப் படித்ததும் படகு என்ன ஆயிற்று என்று மனம் கேட்கிறது. வினையில்லா வாக்கியத்துக்குக் காலம் காட்டத் தெரியாது. இழந்ததைச் சொல்ல ‘இருந்தார்’ வந்துதான் ஆகவேண்டும். மாறியதைச் சொல்ல ‘ஆனார்’. ‘இயற்கைப் பொருளை இற்றெனக் கிளத்தல்’, ‘செயற்கைப் பொருளை ஆக்கமொடு கூறல்’ என்று தொல்காப்பியர் அடுத்தடுத்து வைத்த இரண்டு நூற்பாக்களும் இதைத்தான் பேசுகின்றன. இயல்பாகவே அப்படி உள்ளதை நேராகச் சொல். மாறி வந்ததை ஆக்கச் சொல்லோடு சொல். கதை எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல விதி எனக்குத் தெரிந்து இல்லை.

‘இரு’ என்றால் உட்கார் என்றும் பொருள். இருக்கை என்ற சொல்லில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஓரிடத்தில் தங்கி இருப்பதைச் சொல்லும்போது அது இணைப்புக் கயிறு அல்ல, முழு வினை. ‘தனுஷ்கோடியில் ரயில் நிலையம் இருந்தது’ என்று ஒருவர் எழுதினால், 1964 டிசம்பர் புயல் முழுவதும் அந்த ஒரு வினையில் வந்து நிற்கிறது. திருத்தும்போது ‘இருந்தது’களைத் தேடித் தேடி அடிக்கிறவர்கள் இதன்மேல் கை வைத்துவிட வேண்டாம்.